டாலஸா, கோத்தன்பர்க்கா? வரியும் சலுகையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுவரவு (சென்னை)

வணக்கம். எங்கள் கம்பெனியில் என்னை வெளிநாட்டு ப்ராஜெக்ட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு இடம் இருக்கிறது. டாலஸ் என்றால் எல்1பி விசா (கம்பெனி தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் விசா), ஆண்டுக்கு 1,15,000 டாலர். ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்றால் மாதம் 50,000 குரோனர். டாலரில் போட்டுப் பார்த்தால் ஸ்வீடன் சம்பளம் பாதிதான் வருகிறது. அதிலும் பாதியை வரியாகப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஆபீசில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மனைவிக்கு இது ஐந்தாவது மாதம். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் நிலவரம் சொன்னால் உதவியாக இருக்கும்.

டாலஸ்தமிழன் (டெக்சாஸ்)

தம்பி, என் ஓட்டு டாலஸுக்கு. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. மத்திய வரி, ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் எல்லாம் பிடித்தாலும் உங்கள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குதான் போகும். கடையில் விற்பனை வரி அதிகபட்சம் 8.25 சதவீதம். எல்2 விசாவில் வரும் மனைவி தனி அனுமதி எதற்கும் காத்திருக்காமல் வேலை பார்க்கலாம், 2021 கடைசியிலிருந்து அந்த விதி இருக்கிறது. இரண்டு பேரும் சம்பாதித்தால் ஒரு சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்கலாம். ஸ்வீடனில் அந்த மாதிரி சேர்க்க முடியாது. இளமையில் நாலு காசு பார்க்க வேண்டும், அதற்கு ஏற்ற நாடு இதுதான்.

வடக்குக்காற்று (கோத்தன்பர்க்)

"பாதி போய்விடும்" என்பதை முதலில் சரிபார்ப்போம்.

இங்கே நகராட்சியும் மாகாணமும் சேர்ந்து எடுக்கும் வரி 32 சதவீதத்துக்குச் சற்று மேல். மத்திய அரசின் 20 சதவீதம் ஆண்டு வருமானம் 6 லட்சம் குரோனருக்குச் சற்று மேலே உள்ள ஒரு வரம்பைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய பகுதிக்கு மட்டும். மாதம் 50,000 அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும். அப்புறம் சம்பளக்காரர்களுக்கென்றே ஒரு வரிக்கழிவு உண்டு. எல்லாம் போக மாதம் 37,000 குரோனருக்கு மேல் கையில் வரும். அதாவது வருமான வரியாகப் போவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி 31.42 சதவீதம் சமூகக் காப்பீட்டுக் கட்டணமாக அரசுக்குக் கட்டுகிறார். அது சம்பளச் சீட்டில் உங்கள் பணமாகத் தெரியாது, ஆனால் உங்கள் உழைப்பிலிருந்து போவதுதான். அதையும் சேர்த்தால் உங்களுக்காகச் செலவாகும் நூறு குரோனரில் நாற்பதுக்கு மேல் அரசுக்குப் போகிறது. மிச்சத்தைக் கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலான பொருட்களுக்கு 25 சதவீத வாட். ஆகவே ஸ்வீடனில் வரி அதிகம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அதற்கு என்ன கிடைக்கிறது? ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்பு. அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், ஒரு உச்சவரம்புக்குள். இருவருக்கும் ஆளுக்கு 90 நாள் ஒதுக்கீடு, அதை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அதனால்தான் இங்கே வேலை நாள் காலையிலும் பூங்காவில் தள்ளுவண்டியோடு அப்பாக்களைப் பார்க்கலாம். குழந்தைப் பள்ளிக்கு முதல் பிள்ளைக்கு மாதம் 1,800 குரோனரைச் சுற்றி உள்ள ஒரு தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று நாடு முழுக்க ஒரே வரம்பு. பிள்ளைக்கு மாதம் 1,250 குரோனர் உதவித்தொகை, பணக்காரர் ஏழை என்ற பேதம் இல்லாமல். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவோ அப்பாவோ வீட்டில் இருக்கலாம், அந்த நாளுக்கும் சமூகக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். மருத்துவரைப் பார்க்க நாம் தரும் கட்டணம் ஆண்டுக்கு 1,400 குரோனரைச் சுற்றி ஒரு வரம்பைத் தொட்டதும் நின்றுவிடும், அதற்கு மேல் இலவசம்.

புதுவரவுக்கு முக்கியமான ஒன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விடுப்புப் பணம் முழுதாக வர வேண்டுமானால், பிரசவத் தேதிக்கு முன் தொடர்ந்து 240 நாள் இங்கே சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் 180 நாளுக்கு நாளொன்றுக்கு 250 குரோனர்தான். உங்களுக்கு இந்தக் குழந்தைக்கு அந்தக் கணக்கு எட்டாது. அதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

கணக்கப்பிள்ளை (நியூ ஜெர்சி)

இங்கே வரி தாக்கல் செய்து கொடுப்பதுதான் என் தொழில். டாலஸ்தமிழன் சொன்ன ஆறில் ஒரு பங்கு சரியான கணக்கு. ஆனால் அமெரிக்காவில் வரி என்ற பெயர் இல்லாமல் போகும் பணத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

கம்பெனி வழியாகக் குடும்பத்துக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் 2024-ல் 25,572 டாலர். அதில் ஊழியர் பங்கு 6,296. மீதி 19,000 டாலருக்கு மேல் கம்பெனி கட்டுகிறது. வடக்குக்காற்று சொன்ன 31.42 சதவீதம் போலத்தான் இதுவும், உங்கள் கைக்கு வராமலே உங்கள் உழைப்பிலிருந்து போகும் பணம். பிரீமியம் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. டிடக்டிபிள் என்று ஒரு தொகை உண்டு, அது தீரும் வரை பெரும்பாலான செலவு நம் கையிலிருந்து. அந்த ஆண்டில் சட்டப்படி ஒரு குடும்பத்தின் கைச்செலவு 18,900 டாலர் வரை போகலாம், அதுவும் காப்பீட்டு நிறுவனத்தின் வலைக்குள் இருக்கும் மருத்துவமனையாக இருந்தால். மார்ச் மாதம் என்னிடம் வருகிறவர்களில் பலர் வரிக் காகிதத்தோடு ஒரு கட்டு மருத்துவ பில்லையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பையன் கையை உடைத்துக்கொண்டதற்கு மருத்துவமனை ஒரு பில், மருத்துவர் தனி பில், எக்ஸ்ரே பார்த்தவர் இன்னொரு பில். "இதில் எதைக் கட்டணும், எது தப்பா வந்திருக்கு?" என்றுதான் முதல் கேள்வி.

இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட அமைப்பு இல்லை. 1942-ல் போர்க்காலத்தில் சம்பளத்தை உயர்த்தத் தடை போட்டார்கள். ஆள் பிடிக்க வழியில்லாத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு தர ஆரம்பித்தன. 1954 வரிச்சட்டம் அந்தக் காப்பீட்டுக்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. அன்றிலிருந்து வேலையும் வைத்தியமும் ஒன்றோடொன்று கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. வேலை போனால் காப்பீடும் போகும். சொந்தக் காசில் கொஞ்ச காலம் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் நாமே கட்ட வேண்டும், சம்பளம் இல்லாத நேரத்தில்.

பிரசவ விடுப்பு என்றால் 1993 சட்டப்படி 12 வாரம், சம்பளம் இல்லாமல். அதுவும் குறைந்தது 50 பேர் உள்ள இடத்தில், ஒரு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு. கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் சம்பளத்தோடு கொஞ்சம் உண்டு. டெக்சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

டாலஸ்தமிழன்

நல்ல கம்பெனியில் சேர்ந்தால் நல்ல காப்பீடு கிடைக்கும், எங்கள் வீட்டில் இரண்டு பிரசவத்திலும் பெரிய செலவு ஆகவில்லை. முழங்கால் வலி என்றால் அடுத்த வாரமே எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுவோம். ஸ்வீடனில் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டு வரிசையில் ஒன்பது ஆண்டு நிற்க வேண்டும் என்கிறார்களே?

இன்னொன்று, நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய விஷயம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு வாங்கித் தரலாம். ஸ்வீடனில் வயதான பெற்றோரை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ள வழி கிடையாது என்று கேள்விப்பட்டேன். பிள்ளைக்கு 480 நாள் கொடுத்து, அப்பா அம்மாவை ஊரில் தனியாக விட்டுவிட்டு வாழ்வதற்கு என்ன பெயர்?

வடக்குக்காற்று

காத்திருப்பு உண்மைதான். மூன்று நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க வேண்டும், 90 நாளுக்குள் நிபுணர், அடுத்த 90 நாளுக்குள் சிகிச்சை என்று சட்டம் இருக்கிறது. பல மாகாணங்களில் அந்த 90 நாளைக் காப்பாற்ற முடிவதில்லை. உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் முன்னால் எடுப்பார்கள், முழங்கால் காத்திருக்கும். ஸ்டாக்ஹோம் வீட்டு வரிசையும் சராசரியாக ஒன்பது ஆண்டு அளவுக்கு நீளம்தான், புதிதாக வருகிறவர்கள் அதிகம் கொடுத்து உள்வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். கோத்தன்பர்க்கிலும் வீடு தேடுவது சிரமம்.

பெற்றோர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எனக்கும் அதுதான் மனதில் உறுத்துவது. சுற்றுலா விசாவில் மூன்று மாதம் வந்து போகலாம், அவ்வளவுதான். ஆனால் எல்1பி-யில் வருகிற இந்தியர் கிரீன் கார்டு வாங்கி, அதன்பின் குடியுரிமை வாங்கி, அப்புறம் பெற்றோரை அழைப்பதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதையும் புதுவரவுக்குச் சொல்லுங்கள். எல்1பி அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகராது.

பனிமலர் (வட நோர்வே)

நான் இங்கே வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். எங்கள் ஆட்கள் 80-களில் ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். குளிர் அறையில் நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிற வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயாவுக்குத் தோள்மூட்டு முற்றாகப் பழுதாகிவிட்டது. கை தூக்க ஏலாது. இங்கே வருத்தம் வந்தால் முதல் நாளில் இருந்து ஒரு வருடம் வரைக்கும் முழுச் சம்பளம், ஒரு உச்சவரம்புக்குள். அதற்குப் பிறகும் வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் பழைய வருமானத்தில் 66 வீதம் தந்து, வேறு தொழில் படிக்க வைப்பார்கள். அவர் அந்தக் காலத்தில் பஸ் ஓட்டப் பழகினார். பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் மூன்று பேரும் பல்கலைக்கழகம் போனார்கள், அரச பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மொழி தெரியாமல், கையில் சல்லிக்காசு இல்லாமல் வந்த மனுஷன். அவருக்கு அந்தத் தோள் அமெரிக்காவில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

நோர்வே என்றதும் எண்ணெய்க் காசு என்று சொல்லுவார்கள், அதனால் முந்திச் சொல்லிவிடுகிறேன். தேசியக் காப்புறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1967-ல். வட கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடித்தது 1969 கடைசியில். திட்டம் முந்தி, எண்ணெய் பிந்தி. எண்ணெய் வந்த பிறகும் அதை அள்ளிச் செலவழிக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 78 வீதம் வரி போட்டு, 1990-ல் நிதியம் அமைக்கச் சட்டம் செய்து, 1996-ல் முதல் பணம் போட்டார்கள். அந்த நிதியத்தில் இருந்து வருடத்துக்கு சராசரியாக 3 வீதம் அளவில்தான் அரசாங்கம் எடுக்கலாம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இப்படி ஒரு நிதியம் இல்லை, ஆனால் அங்கேயும் ஆட்களை இதே மாதிரித்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

கடலோரம் (கோபன்ஹேகன்)

டென்மார்க் பற்றி ஒரு வார்த்தை. 2015-ல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் எங்கள் நாட்டை முன்மாதிரியாகச் சொன்னார். சில வாரத்தில் அப்போது எங்கள் பிரதமராக இருந்த லார்ஸ் லோக்கே ராஸ்முசன் ஹார்வர்டில் பேசும்போது, டென்மார்க் சோஷலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். இங்கே ஆளை வேலையை விட்டு எடுப்பது சுலபம், கம்பெனிகளுக்கு அதில் பெரிய தடை இல்லை. எடுத்தபின் அவரைத் தாங்குவது சமூகத்தின் பொறுப்பு. வேலையிழப்பு நிதியில் சந்தா கட்டியவருக்குப் பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை, ஒரு வரம்புக்குட்பட்டு, இரண்டு ஆண்டு வரை வரும். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது, தொழிற்சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிக் கூலியை முடிவு செய்கிறார்கள். கார் வாங்க ஆசை உள்ளவர்கள் மட்டும் கவனம், பதிவு வரி 150 சதவீதம் வரை போகும்.

டாலஸ்தமிழன்

இவ்வளவு நல்ல அமைப்பு என்றால் ஸ்வீடன் ஏன் 90-களில் திவாலாகும் நிலைக்குப் போனது? 1976-ல் அங்கே ஒரு புகழ்பெற்ற எழுத்தாளருக்கு விளிம்பு வரி, அதாவது கூடுதலாகச் சம்பாதிக்கும் பகுதிக்கான வரி, 102 சதவீதம் வந்ததே, சம்பாதித்ததற்கு மேல் கட்டச் சொன்னார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி நாற்பது ஆண்டுக்கும் மேல் வைத்திருந்த ஆட்சியை இழந்தது. மக்களே வேண்டாம் என்று சொன்னதைத்தானே இங்கே முன்மாதிரி என்கிறீர்கள்?

வடக்குக்காற்று

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நாட்டையும் ஒப்பிடுகிறவர்கள் வழுக்குகிற இடமே இதுதான்.

1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது. நவம்பரில் அதையும் கைவிட்டு குரோனரை மிதக்க விட்டார்கள். 1991 முதல் 1993 வரை மூன்று ஆண்டு தொடர்ந்து பொருளாதாரம் சுருங்கியது. அதன் பிறகு இருந்தது பழைய ஸ்வீடன் இல்லை. 1991 வரிச் சீர்திருத்தத்திலேயே உச்ச வரியைக் குறைத்திருந்தார்கள். ஓய்வூதியத்தை, கட்டியதற்கு ஏற்பக் கிடைக்கும்படி மாற்றினார்கள். வாரிசு வரியை 2004-ல் ஒழித்தது சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சிதான். ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான வரி 2007-ல் போனது. கம்பெனி வரி இன்று 20.6 சதவீதம், அமெரிக்காவின் 21 சதவீதத்தைவிடக் குறைவு. அரசுக் கடன் ஜிடிபியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அமெரிக்காவின் கடன் அதன் ஜிடிபியையே தாண்டிவிட்டது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? என்னிடமிருந்தும், பஸ் ஓட்டுநரிடமிருந்தும், பள்ளி ஆசிரியரிடமிருந்தும். அமெரிக்காவில் 37 சதவீத உச்ச வரி ஆண்டுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்குத்தான். இங்கே ஏறக்குறைய 52 சதவீத விளிம்பு வரி 6 லட்சம் குரோனரைச் சற்றுத் தாண்டியதுமே ஆரம்பித்துவிடும், டாலரில் பார்த்தால் அது அந்த அமெரிக்கத் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வாட் எல்லோருக்கும் ஒன்றே. பணக்காரர்களைக் கசக்கிப் பிழிந்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று அமெரிக்காவில் இதைப் புகழ்கிறவர்களும் நினைக்கிறார்கள், திட்டுகிறவர்களும் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்வீடனின் சொத்து ஏற்றத்தாழ்வு ஐரோப்பாவிலேயே அதிகமானவற்றில் ஒன்று. அது எனக்குப் பிடிக்காத விஷயம், அதைச் சொல்லாமல் விட முடியாது.

நடுத்தர வர்க்கம் நிறையக் கட்டுகிறது, நடுத்தர வர்க்கமே நிறைய வாங்கிக்கொள்கிறது. என் மேலாளரின் பிள்ளையும், எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணின் பிள்ளையும் ஒரே குழந்தைப் பள்ளியில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். சாப்பாடு சரியில்லை என்றால் முதலில் மின்னஞ்சல் எழுதுவது மேலாளர்தான். அதனால் தரம் நிற்கிறது. ஏழைக்கு மட்டும் என்று ஒரு திட்டம் போட்டால் அதற்குக் குரல் கொடுக்கவும் ஏழை மட்டும்தான் இருப்பார். வரிப்பணம் திரும்பி வருவதைத் தன் வீட்டிலேயே பார்ப்பவர் அவ்வளவு சீக்கிரம் வரியைக் குறை என்று கத்த மாட்டார்.

கணக்கப்பிள்ளை

மேலே கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு சான்று. 2021-ல் ஒரே ஒரு ஆண்டுக்கு, குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர், மூத்த பிள்ளைக்கு 3,000. வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுத் தொகை. ஜூலையிலிருந்து அதில் பாதியை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவீட்டில், குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த அளவீட்டில் அவ்வளவு கீழே அது போனதே இல்லை. செனட்டில் போதிய ஆதரவு இல்லாமல் திட்டம் நின்றது. 2022-ல் 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த நாட்டால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரண்டு எண்களும்தான் ஞாபகம் வரும். ஆறு மாதம் செய்து காட்டியது இந்த நாடுதான். அந்த ஆண்டு என்னிடம் வந்த தாய்மார்கள் சிலர், பிள்ளைக்குக் குளிர்கால ஷூவைக் கடன் அட்டையில் போடாமல் வாங்கினோம் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர்களிடம் "இந்த முறை அது கிடையாதும்மா" என்று சொல்ல வேண்டியது என் வேலையாகிவிட்டது.

பணம் இல்லாமல் இல்லை. மருத்துவத்துக்கு மட்டும் 2023-ல் நாட்டு வருமானத்தில் 17.6 சதவீதம் செலவழித்திருக்கிறோம். ஸ்வீடன் 11 சதவீதத்தைச் சுற்றித்தான். அவர்களின் சராசரி ஆயுள் 83-ஐத் தாண்டிவிட்டது, இங்கே அந்த ஆண்டு 78 சொச்சம். இவ்வளவு செலவுக்குப் பிறகும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடே இல்லை.

டாலஸ்தமிழன்

அந்த எண்கள் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கேட்டவர் ஏழை இல்லை, படித்த இஞ்சினியர். அவர் அளவில் டாலஸில் மிச்சம் அதிகம், அதை யாரும் மறுக்கவில்லையே.

கணக்கப்பிள்ளை

இளமை, ஆரோக்கியம், நிற்காத வேலை, இந்த மூன்றும் இருக்கும் வரை டாலஸில் மிச்சம் அதிகம்தான். வேலை போனால் அவருக்கு நாட்டில் இருக்க 60 நாள். புதுவரவு, இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு உங்கள் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனியும் அதே அளவு கட்டும். ஓய்வூதியம் வாங்கப் பத்து ஆண்டு கட்டியிருக்க வேண்டும். உங்கள் விசாவோ ஐந்து ஆண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை. ஐந்து ஆண்டில் திரும்பினால் அந்தப் பணம் வராது. ஸ்வீடனோடு 2014-லிருந்து ஒப்பந்தம் இருக்கிறது.

வடக்குக்காற்று

ஆமாம். அதோடு, இங்கே வருமானத்தில் 18.5 சதவீதம் ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பெயரில் சேரும். ஊர் திரும்பினாலும் அந்தப் பங்கு உங்களுடையது, வயது வந்ததும் இந்தியாவிலேயே வாங்கலாம். ஆனால் சேருவதற்கு முன் எச்ஆரிடம் ஒன்று கேளுங்கள்: சம்பளம் ஸ்வீடன் நிறுவனத்திலிருந்தா, இல்லை இந்தியாவிலேயே பிஎஃப் கட்டிக்கொண்டு அனுப்புகிறார்களா? இரண்டாவது என்றால் அந்த ஒப்பந்தப்படி இங்கே காப்பீட்டுக்குள் வராமல் போகலாம், நான் மேலே சொன்ன பல சலுகைகள் அதனால் மாறும்.

புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. எச்ஆரிடம் கேட்டேன், ஸ்வீடன் நிறுவனத்தில் நேரடி வேலை ஒப்பந்தம்தான். மனைவியோடு உட்கார்ந்து பேசினோம். 240 நாள் விஷயம் இருவருக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் கோத்தன்பர்க் பக்கம்தான் மனசு போகிறது. மாமியார் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருப்பார். அதற்குப் பிறகு மனைவி வேலை தேடும்போது குழந்தையை எங்கே விடுவது என்பதுதான் அடுத்த கவலை.

வடக்குக்காற்று

வந்ததும் முதல் வேலை வரித்துறை அலுவலகத்தில் மக்கள் பதிவு. ஒரு வருடமாவது தங்கும்படி அனுமதி இருந்தால்தான் பர்சன் நம்பர் என்ற அடையாள எண்ணைத் தருவார்கள், அனுமதிக் கடிதத்தில் தேதியைப் பாருங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்குகூடச் சிரமம். குழந்தைப் பள்ளியில் ஒரு வயதிலிருந்து சேர்க்கலாம். விண்ணப்பித்து நாலு மாதத்துக்குள் நகராட்சி இடம் தந்தாக வேண்டும், ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்று உறுதி இல்லை. அதனால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். அதுவரை நகராட்சி நடத்தும் திறந்த குழந்தைப் பள்ளிக்கு மனைவியும் குழந்தையும் போகலாம், பதிவும் வேண்டாம் கட்டணமும் வேண்டாம். நம் ஊர் அம்மாக்கள் சிலர் அங்கே வாரா வாரம் வருகிறார்கள். என் மனைவியின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.